கிரேக்கச் சிந்தனையாளர்களை மறுத்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கிரேக்கக் கருத்துகளை நவீன அறிவு எங்கெல்லாம் மறுக்கிறது என்று மாணவர்கள் எழுதும் கட்டுரைகள் ஒவ்வொரு ஆண்டும் என் மேசைக்கு வருகின்றன. அதே வரிகள், அதே துணிச்சல். நானும் அந்த வயதில் எழுதியவைதான். ஆண்டுக் குழப்பம், பெயர்ப் பிழை போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம்.

பைசா கோபுரத்தோடு கதையை முடிப்பது

"கனமான பொருள் வேகமாக விழும் என்றார் அரிஸ்டாட்டில். கலிலியோ பைசா கோபுரத்தின் மேலிருந்து இரண்டு குண்டுகளைப் போட்டார். இரண்டாயிரம் ஆண்டு மூடநம்பிக்கை தகர்ந்தது." இந்த மூன்று வரியும் இல்லாத கட்டுரை அபூர்வம். படிக்கும்போதெல்லாம் இன்றும் எரிச்சல் வருகிறது.

கலிலியோ தன் நூல்கள் எதிலும் அந்தக் கோபுரத்திலிருந்து குண்டு போட்டதாகச் சொல்லவில்லை. அவருடைய கடைசிக் காலத்தில் உடனிருந்த விவியானி, ஆசிரியர் இறந்தபின் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வரும் கதை அது. எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வாளரின் முனைவர் பட்ட ஏட்டில் ஓர் இயல் முழுவதும் இந்தக் கதையின்மேல் நின்றது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதைக் கலிலியோ எந்த நூலில் சொல்கிறார்?" பதில் இல்லை. அந்த இயலை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. பட்டம் பல மாதம் தள்ளிப்போனது. உழைப்பில் குறையே வைக்காத பிள்ளை.

இரண்டாயிரம் ஆண்டு யாரும் வாய் திறக்கவில்லை என்பதும் பொய். கி.பி. ஆறாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவில் ஃபிலோபொனஸ் என்ற தத்துவ அறிஞர், எடையில் பெரிதும் வேறுபட்ட இரண்டு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து விட்டால் விழும் நேரத்தில் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது என்று எழுதிவிட்டார். இளம் வயதுக் கலிலியோ அவரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். 1586-இல் ஹாலந்தில் வாழ்ந்த கணித அறிஞர் சைமன் ஸ்டெவின், ஒன்றைவிட மற்றது பத்து மடங்கு கனமான ஈயக் குண்டுகளை முப்பது அடி உயரத்திலிருந்து பலகைமேல் போட்டு, இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்டதைப் பதிவு செய்தார்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது, அரிஸ்டாட்டில் என்ன வாதிட்டார் என்று பார்க்காமலே அவரை மறுப்பது. 'இயற்பியல்' நூலின் நான்காம் புத்தகம், எட்டாம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். கனமான பொருள் காற்றையோ நீரையோ எளிதாகப் பிளந்து செல்வதால்தான் வேகமாகப் போகிறது என்கிறார். அப்படியானால் பிளக்க எதுவுமே இல்லாத வெற்றிடத்தில்? எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்ற முடிவுக்கு அவரே வந்து சேர்கிறார். வந்தபின், "அது நடக்காத காரியம்; ஆகவே வெற்றிடமே கிடையாது" என்று திரும்பிவிடுகிறார். 1971-இல் நிலவில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் கைவிட்டபோது இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அரிஸ்டாட்டில் நடக்காது என்று ஒதுக்கியது அதைத்தான். நவீன அறிவியலுக்கும் அவருக்கும் உண்மையான மோதல் இந்த இடத்தில் இருக்கிறது; கோபுரக் கதையை நம்பியவர்கள் இதன் பக்கமே வருவதில்லை.

கனமானது எளிதாகப் பிளந்து செல்லும் என்பதை நம்பாத மாணவர்களுக்கு உயரமான கண்ணாடி ஜாடி நிறைய விளக்கெண்ணெய் ஊற்றிக் காட்டுவேன். பெரிதும் சிறிதுமாக இரண்டு பேரிங் குண்டுகளை ஒரே நேரத்தில் விட வேண்டும். பெரியது விறுவிறுவென்று அடியைத் தொட்டுவிடும். சின்னது பாதி வழியில் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும். எடை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் என்ற அரிஸ்டாட்டிலின் கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பேசியவர் அல்ல என்பது அந்த ஜாடியிலேயே தெரிந்துவிடும்.

"அரிஸ்டாட்டில் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை" என்பது

கோழி முட்டைகளில் கரு நாளுக்கு நாள் எப்படி வளர்கிறது என்று வரிசையாக எழுதிவைத்தவர் அவர். மூன்று நாள் கழிந்ததும் வெள்ளைக் கருவில் ஒரு இரத்தப் புள்ளி தெரியும், அதுவே இதயம், உயிருள்ளதுபோல் துடிக்கும் என்கிறார். ஒருவகைச் சுறாவின் குட்டி நச்சுக்கொடி போன்ற ஒன்றால் தாயோடு இணைந்திருக்கிறது என்றும் எழுதினார். 1842-இல் ஜெர்மன் உடலியல் அறிஞர் யோஹான்னஸ் முல்லர் அது சரியென்று உறுதிசெய்தார்.

"கால்குலஸ் வந்ததும் ஜீனோவின் புதிர் தீர்ந்தது" என்பது

முன்னே போகும் ஆமையை ஓட்டவீரன் அக்கிலீஸ் எட்டவே முடியாது, அது இருந்த இடத்தை அவன் அடையும்போதெல்லாம் அது இன்னும் சற்று முன்னே போயிருக்கும் என்பது கிரேக்கர் ஜீனோவின் புதிர். அக்கிலீஸ் ஆமையை எந்த இடத்தில் பிடிப்பான் என்று கால்குலஸ் என்ற நுண்கணிதம் சொல்லும். முடிவில்லாத செயல்களை ஒருவர் செய்து முடிக்க முடியுமா என்ற கேள்வியை 1954-இல்கூட தத்துவவாதி ஜேம்ஸ் தாம்சன் புதிதாக எழுப்பினார்.

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்" என்பது

அடிமை முறைக்கு அரிஸ்டாட்டில் வக்காலத்து வாங்கியதை மறைக்க மாணவர்கள் இதைச் சொல்கிறார்கள். எல்லோரும் அப்படி இல்லை. அடிமைத்தனம் இயற்கைக்கு முரணானது, வன்முறையில் நிற்பதால் அநியாயமானது என்று சிலர் கருதுவதை 'அரசியல்' நூலின் முதல் புத்தகத்தில் அவரே குறிப்பிடுகிறார். இயற்கை யாரையும் அடிமையாக்கவில்லை என்று அவர் காலத்துப் பேச்சாளர் அல்கிடாமஸ் சொன்ன வரி இன்றும் கிடைக்கிறது. எதிர்வாதம் காதில் விழுந்தும் அடிமை முறையின் பக்கம் நின்றவர் என்பதை மழுப்பாமல் எழுதுங்கள்.

பாப்பரை மட்டும் படித்துவிட்டு பிளேட்டோவைத் திட்டுவது

பிளேட்டோவின் அரசியல் சர்வாதிகாரத்துக்கு வழிவகுப்பது என்று 1945-இல் தத்துவவாதி கார்ல் பாப்பர் வைத்த குற்றச்சாட்டு கனமானது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதற்குமுன், மக்களின் காவலனாக வந்து மெய்க்காவல் படை கேட்பவன் எப்படிக் கொடுங்கோலன் ஆகிறான் என்று சொல்லும், பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் எட்டாம் புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.