தாமஸ் கோலின் வழியில் ஒரு காட்டு ஏரியைப் பென்சிலில் வரைவது

1825 இலையுதிர்காலத்தில் ஹட்சன் ஆற்றின் வழியாகக் கேட்ஸ்கில் மலைக்குப் போனபோது அமெரிக்க இயற்கைக்காட்சி ஓவியர் தாமஸ் கோலுக்கு 24 வயது. அங்கே பட்ட மரங்கள் சூழ்ந்த ஓர் ஏரியைப் பார்த்தார். நியூயார்க் திரும்பி அவர் தீட்டிய அந்த ஏரியின் எண்ணெய் வண்ண ஓவியம் இப்போது அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரையக் கற்க வருகிறவர்களிடம் நான் முதலில் காட்டும் ஏரி அதுதான்.

வெளிறிய கோட்டுக்குக் கடினமான 2ஹெச், நடுத்தரமான ஹெச்பி, கருமைக்கு மென்மையான 4பி என மூன்று பென்சில்கள் போதும். தொலைவு மலையை 2ஹெச்சால், தாள் பள்ளமாகாதபடி, ஒரே கோட்டில் இழுங்கள். அதன் உள்ளே நிழல் தீட்ட வேண்டாம். வெளிறி நின்றால்தான் மலை தள்ளிப் போகும்.

அடுத்தது எதிர்க்கரை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஏரி வட்டமானது என்று மனம் சொல்வதைக் கேட்டுக் கரையைத் தட்டின் விளிம்பு போல வளைத்துவிடுகிறார்கள். உடனே தண்ணீர் சாய்ந்து கொட்டுவது போல் தோன்றும். தாளின் அடிவிளிம்புக்கு இணையாக, ஏறக்குறைய நேர்கோடாகவே போடுங்கள்.

பட்ட மரத்தில் பட்டை உரிந்து தண்டு வெளுத்திருக்கும். அந்த வெண்மையை வரைய முடியாது, விட்டுவைக்கத்தான் முடியும். தண்டின் இருபுறமும் பின்னாலுள்ள காட்டை 4பியால் கருக்குங்கள். மரம் தானாக முன்னால் வந்து நிற்கும். இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம் ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

இடப்பக்கம் சாய்ந்த மரத்தின் பிம்பமும் இடப்பக்கமே சாயும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் அது பிம்பமல்ல, தண்ணீருக்குள் நீளும் மரம். பிம்பத்தை மேலிருந்து கீழாகத் தீட்டிவிட்டு, ரப்பரின் கூர்முனையால் குறுக்கே இரண்டு மெல்லிய கோடுகள் அழியுங்கள். நீர்ப்பரப்பு தெரியும்.

கோல் தம் களச் சித்திரங்களின் மேலேயே நிறம், ஒளி பற்றிய குறிப்புகளை எழுதிவைத்தார். நீங்களும் எழுதுங்கள். பிறகு தாளை மூடி வையுங்கள். ஓர் இடத்திலிருந்து திரும்பிய உடனே அதைத் தீட்டினால் தமக்குச் சரியாக அமைவதில்லை என்று கோல் தம் ஓவிய நண்பர் டியூராண்டுக்கு எழுதியிருக்கிறார். நான் ஒரு மாதம் கழித்து எடுத்த தாளில் 'தண்ணீர் வானத்தைவிட ஒரு படி இருட்டு' என்றிருந்தது. தூரிகையை அங்கிருந்துதான் தொடங்கினேன்.