ரோமின் பழைய நீர்க்கால்வாயை நுழைவுச்சீட்டு இல்லாமல் பார்க்க

ரோம் நகரில் பழைய நீர்க்கால்வாயைத் தாங்கி நிற்கும் வளைவுகளைக் காண விரும்புவோர், தெர்மினி நிலையத்தில் மெட்ரோ 'ஏ' வழித்தடத்தில் ஏறி ஜூலியோ அக்ரிகோலா நிலையத்தில் இறங்கி, அதே பெயருடைய சாலையில் சான் பொலிகார்போ தேவாலயம் வரை நேராக நடந்தால் போதும். அதன் பின்னால் விரிகிறது நீர்க்கால்வாய்ப் பூங்கா.

இது பொதுப் பூங்கா என்பதால் நுழைவுக் கட்டணம் இல்லை. மெட்ரோவுக்கான சாதாரணப் பயணச்சீட்டு மட்டுமே செலவு. கி.பி. 38இல் ரோமப் பேரரசர் கலிகுலா தொடங்கி 52இல் பேரரசர் கிளாடியஸ் முடித்த ஆக்வா கிளாடியா என்ற நீர்க்கால்வாய் பெரும்பகுதி நிலத்தடியிலேயே ஓடியதால், அதன் உயர்ந்த வளைவுகள் நீண்ட வரிசையாக நிற்பதை இங்கேதான் நிதானமாக நடந்து பார்க்க முடிகிறது. ஆனால், பூங்காவுக்குள் முதலில் எதிர்ப்படும் தாழ்வான கால்வாயைக் கண்டு திரும்பிவிட வேண்டாம்: அது போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் 16ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த ஆக்வா ஃபெலிசே. அதைக் கடந்து தென்மேற்காகச் சென்றால்தான் கிளாடியா வரும். மாலையில் செல்வது மிக நல்லது, ஏனெனில் அப்போது மேற்கு வெயில் வளைவுகளின் தென்மேற்கு முகத்தில் முழுமையாக விழுகிறது.

கோடைக்கால நண்பகலுக்கு இந்த யோசனை பொருந்தாது. வளைவுகளை ஒட்டிய வெளியில் நிழல் குறைவு. மழைக்குப் பின் மண்பாதைகள் சேறாகிவிடும். நேரம் மிகக் குறைவாக இருப்பவர்கள் தெர்மினிக்கு அருகிலுள்ள போர்த்தா மஜோரே வாயிலுக்குச் செல்லலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த கிளாடியா, ஆனியோ நோவுஸ் ஆகிய இரு கால்வாய்களின் குறுக்குவெட்டு அங்கே தெளிவாகத் தெரியும்.