டாஷ்போர்ட் கடகடக்கிறதா? வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம்

திருகோணமலையில் மர நிழல் கிடைக்காமல் வெயிலில் கார் நிறுத்துகிறவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானதுதான். விடியற்காலை ஒரு குரல், பின்னேரம் இன்னொரு குரல். பிளாஸ்டிக் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். இப்படி வருடக்கணக்கில் விரிந்து சுருங்கினால், துண்டுகளை இணைக்கும் கிளிப்புகள் பிடி தளர்ந்துவிடும். போதாததற்கு எங்கள் ஊர் உப்புக்காற்று உலோகக் கிளிப்புகளைத் துருப்பிடிக்க வைக்கும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடிய காருக்குள் கை வைக்க முடியாது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

என்னுடையது ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த பழைய சின்னக் கார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பார்க்காமலேயே டாஷ்போர்டில் பாதியைக் கழற்றினேன். இரண்டு கிளிப் உடைந்தது. சத்தம் அப்படியே இருந்தது. அதனால் கழற்றும் வேலையைக் கடைசியில்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் காரைக் காலி செய்யுங்கள்

சில்லறைக் காசு, கறுப்புக் கண்ணாடி, பேனை, திருநீற்று டப்பா, தஸ்பீஹ், டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் என்று எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். முன்கண்ணாடியில் ரெவனியூ லைசன்ஸ் வைக்கும் சட்டத்தை விரலால் தட்டிப் பாருங்கள். அது கண்ணாடியில் அடிபடும் சத்தம் டாஷ்போர்டுக்குள் இருந்து வருவது போலவே கேட்கும். பிறகு பொனட்டைத் திறந்து பற்றரியை ஆட்டிப் பாருங்கள். அதை இறுக்கும் கம்பி தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். இந்தக் கட்டத்திலேயே சத்தம் நின்றுவிட்டால் மீதியை வாசிக்க வேண்டாம்.

சத்தம் எங்கே?

முக்கால்வாசி வேலை இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள். ஓட்ட ஒருவர், தேட ஒருவர். ஓட்டுகிறவர் றோட்டை மட்டும் பார்க்க வேண்டும். உப்புவெளியில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை மாதிரி, வாகனம் குறைந்த, கொஞ்சம் குண்டும் குழியுமான இடமாகப் பார்த்து 20 அல்லது 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டுங்கள். வானொலி, ஏசி இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

தேடுகிறவர் இடப்பக்க சீற்றில் இருந்து, உள்ளங்கையால் ஒவ்வோர் இடமாக அழுத்த வேண்டும். இடப்பக்க சீற்றுக்கு முன்னுள்ள கையுறைப்பெட்டியின் மூடி, ஏசி காற்று வரும் வாய், நடுவில் ரேடியோவைச் சுற்றிய சட்டம், மீற்றருக்கு மேலுள்ள கூரை, முன்கண்ணாடியின் அடி ஓரம். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். காது ஏமாற்றும், பிளாஸ்டிக் வழியாகச் சத்தம் ஓடி வேறு மூலையில் தலைகாட்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை டாஷ்போர்ட் வழியே மெதுவாக நகர்த்துங்கள். டாக்டர் குழாய் வைத்துப் பார்ப்பது போலத்தான்.

ஆள் கிடைக்கவில்லையா? காரை நிறுத்திவிட்டு, கைத்தொலைபேசியிலிருந்து தாழ்ந்த அதிர்வொலி ஒன்றை ரேடியோ வழியாகப் போடுங்கள். 30 ஹேர்ட்ஸில் தொடங்கி 200 வரை மெதுவாக ஏறும் ஒலி இணையத்தில் சும்மா கிடைக்கும். தளர்ந்த துண்டு அதற்குரிய இடம் வந்ததும் தானாகவே நடுங்கும்.

சத்தத்தின் குணத்தையும் கவனியுங்கள். ‘டிக் டிக்’ என்றால் பெரும்பாலும் தளர்ந்த கிளிப் அல்லது தொங்கும் வயர். ‘கிறீச்’ என்றால் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசுகிறது. உருண்டு ஓடுவது போலிருந்தால் உள்ளே ஏதோ விழுந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது காலடியில் ‘டொக்’ என்று அடித்தால் அது டாஷ்போர்டே இல்லை, முன்சில்லுப் பக்கம். கராஜுக்கு விடுங்கள்.

தேவையான சாமான்கள்

நட்சத்திர ஸ்குரூ டிரைவர், டோர்ச், சின்னக் குறடு, கேபிள் டை, வயர் சுற்றும் துணி டேப், கதிரைக் கால்களுக்கு அடியில் ஒட்டும் ஃபெல்ட் துண்டு. பின்னிரண்டும் ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும். நெம்புவதற்கு நான்கைந்து ஐஸ்பழக் குச்சி போதும். இரும்பால் நெம்பினால் கீறல் காலத்துக்கும் நிற்கும். ஸ்குரூ ஆணிகளைப் போட்டு வைக்க யோகட் கப், ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொன்று.

பழைய செருப்பை வெட்டி இடையில் செருகலாம் என்று யாராவது சொல்வார்கள். நானும் செய்தேன். இரண்டு மாத வெயிலில் அது பிசுபிசுத்து, பழைய சத்தத்தோடு புதுக் ‘கிறீச்’சும் சேர்ந்தது. தேங்காயெண்ணெயும் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கையுறைப்பெட்டி

அனேகமாகக் குற்றவாளி இதுதான். மூடி வந்து அமரும் இடத்தில் இரண்டு சின்ன ரப்பர் குமிழ்கள் இருக்கும். ஒன்று விழுந்திருந்தால் அந்த இடத்தில் ஃபெல்ட் ஒட்டுங்கள். பூட்டின் நாக்கு மாட்டும் கொக்கியில் துணி டேப் ஒரு சுற்று. பல ஜப்பான் கார்களில் பெட்டியின் இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அமுக்கினால் முழுதாகக் கீழே இறங்கும். பக்கத்தில் ஒரு மெல்லிய கை மாட்டியிருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். உள்ளே ஏசி ஃபில்டரின் மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முன்கண்ணாடி ஓரம்

என் காரின் இரகசியம் இங்கேதான் இருந்தது. பிறேக் பிடித்தால் முன்னால் உருளும், புறப்பட்டால் பின்னால் உருளும். கண்ணாடிக்குக் காற்றடிக்கும் நீள வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கச்சான், நிலக்கடலைதான். கோணேசர் கோயிலுக்குப் போய் வரும் வழியில் பிள்ளைகள் சாப்பிட்டது. இரண்டு வாரமாக நான் கச்சான் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்! நீளமான குச்சியின் நுனியில் இரட்டைப்பக்க டேப் ஒட்டி, தொட்டு எடுத்தேன்.

கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால்

இதற்குமுன் ஒரு எச்சரிக்கை. ஸ்டியரிங் நடுவிலும் இடப்பக்க டாஷ்போர்டின் மேற்பகுதியிலும் எயார்பேக் இருக்கும். மஞ்சள் நிற உறை போட்ட வயரையோ இணைப்பையோ கண்டால் தொடாதீர்கள், அந்தப் பகுதியை மூடிவிடுங்கள். ‘கவனமாகச் செய்தால் ஒன்றும் ஆகாது’ என்கிற பேச்சுக்கே இதில் இடமில்லை. நாம் எந்த மின் இணைப்பையும் பிரிக்கப் போவதில்லை என்பதால் பற்றரியைக் கழற்றத் தேவையில்லை. காரணமில்லாமல் கழற்றினால் ஜப்பான் ரேடியோக்களில் சில பூட்டிக்கொண்டு இரகசிய எண் கேட்கும், அது தனித் தலையிடி.

பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தொடங்குங்கள். பிளாஸ்டிக் இளஞ்சூட்டில் வளைந்து கொடுக்கும், குளிர்ந்திருந்தால் கிளிப் உடையும். முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் கீழ் ஓரத்தில் குச்சியைச் செருகி, சிறிது திறந்ததும் அடுத்த குச்சியைப் பக்கத்தில் செருகுங்கள். ‘டப்’ என்று ஒவ்வொரு கிளிப்பாக விடும். இழுத்தும் வராவிட்டால் எங்கோ ஒரு ஸ்குரூ ஒளிந்திருக்கிறது, பலம் காட்டாதீர்கள்.

உலோகக் கிளிப் ஏதாவது ஓட்டைக்குள்ளேயே தங்கிவிட்டால் குறடால் எடுத்துச் சட்டத்தின் நாக்கில் மாட்டுங்கள். துருவேறியிருந்தால் மாற்றுங்கள். தளர்ந்திருந்தால் நாக்கில் துணி டேப் ஒரு சுற்று மட்டும், இரண்டு சுற்றினால் உள்ளே போகாது. இரு பிளாஸ்டிக்குகள் தொடும் ஓரத்தில் பளபளப்பான தேய்மானத் தடம் தெரியும். உரசல் அங்கேதான், மெல்லிய ஃபெல்டை அதன்மேல் ஒட்டுங்கள். சட்டத்துக்குப் பின்னால், கமெராவுக்கும் அலாரத்துக்கும் என்று பிற்பாடு இழுத்த வயர்கள் தொங்கினால் துணி டேப் சுற்றி, கேபிள் டையால் கட்டுங்கள். பெடலுக்கோ ஸ்டியரிங் தண்டுக்கோ கிட்ட எதையும் கட்ட வேண்டாம்.

ஓர் இடத்தைச் சரிசெய்ததும் பூட்டி, அதே ஒழுங்கையில் ஓடிப் பாருங்கள். அதன் பிறகே அடுத்த இடம். பின்னேரச் சூட்டில் இறுக்கமாக இருப்பது விடியற்காலை தளர்ந்துவிடலாம். நான் காலை ஆறு மணிக்கு ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை ஓடிப் பார்த்த பிறகுதான் யோகட் கப்புகளைக் கழுவி வைத்தேன்.