கோடிப் புள்ளிகளைச் சர்வரிலேயே கொத்தாக்குவது எப்படி?

வரைபடத்தில் சில ஆயிரம் புள்ளிகள்தான் என்றால், அருகருகே உள்ளவற்றை எண்ணிக்கை எழுதிய ஒரே வட்டமாகச் சேர்ப்பதை, அதாவது கொத்தாக்குவதை, பிரவுசரிலேயே செய்துவிடலாம். லீஃப்லெட் என்ற வரைபட நிரலகத்துக்கான மார்க்கர்கிளஸ்டர் செருகுநிரல் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஜியோநேம்ஸ் தரும் உலக இடப்பெயர்த் தொகுப்பில் 1 கோடிக்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. அத்தனையையும் ஒரு கைபேசிக்கு அனுப்ப வழியில்லை. எண்ணுவது சர்வரில் நடக்கட்டும். வட்டங்கள் மட்டும் பிரவுசருக்குப் போகட்டும். அந்தத் தொகுப்பு இலவசம் என்பதால் அதையே வைத்துப் பழகுவோம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அதோடு இடத்தரவைக் கையாளும் அதன் நீட்சியான போஸ்ட்ஜிஐஎஸ் இருந்தால் போதும்.

படி 1: ஏற்றுதல்

கோப்பில் இடங்கள் டிகிரியில் இருக்கும். ஏற்றும்போதே இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 (வெப் மெர்கேட்டர்) ஆயத்தொலைவு முறைக்கு மாற்றி, இடத்தை வைத்து வேகமாகத் தேட உதவும் ஜிஸ்ட் இண்டெக்ஸ் போடுங்கள். வடக்கிலும் தெற்கிலும் 85.05 டிகிரியைத் தாண்டிய புள்ளிகளை விட்டுவிடுங்கள். துருவத்தில் இந்த முறையின் கணக்கு முடிவிலிக்குப் போய்விடும்.

படி 2: கட்டத்தின் அகலம்

வரைபடத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு வட்டம் போடுவோம். திரையில் ஒரு கட்டம் 60 பிக்சல் இருக்கட்டும். ஜூம் 0-இல் ஒரு பிக்சல் சுமார் 1,56,543 மீட்டர்; ஒவ்வொரு ஜூமுக்கும் அது பாதியாகும். ஆகவே:

அகலம் = 60 × 1,56,543 ÷ 2^ஜூம்

ஜூம் 10-க்கு இது ஏறத்தாழ 9,172 வரும். (நில அளவில் இது சரியான மீட்டர் இல்லை, ஆனால் நமக்குத் திரைதான் முக்கியம்.)

படி 3: எண்ணுதல்

திரையின் எல்லையையும் ஜூமையும் பிரவுசர் அனுப்பும். அந்த எல்லைக்குள் வரும் புள்ளிகளை இண்டெக்ஸ் வழியாக எடுங்கள். ஒவ்வொன்றின் எக்ஸ், ஒய் மதிப்பையும் அகலத்தால் வகுத்துக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் கட்ட எண் கிடைக்கும். அந்த எண்ணின்படி குழுவாக்கி (குரூப் பை) எண்ணிக்கையையும் சராசரி எக்ஸ், ஒய்யையும் எடுங்கள். வட்டத்தைச் சராசரியில் வையுங்கள். கட்டத்தின் நடுவில் வைத்தால் கடலோர ஊர்களின் வட்டம் கடலில் போய் நிற்கும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. திரை எல்லையை அப்படியே வெட்டினால் ஓரக் கட்டங்களில் பாதிப் புள்ளிகள்தான் எண்ணப்படும். வரைபடத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலே 412 என்றிருந்த வட்டம் 530 ஆகும். பார்ப்பவருக்கு எந்த எண்ணிலும் நம்பிக்கை வராது. அதனால் தேடுவதற்கு முன் எல்லையின் நான்கு பக்கங்களையும் வெளிப்புறமாக அடுத்த கட்டக்கோடு வரை தள்ளுங்கள். கட்டங்கள் உலகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், திரையோடு அல்ல. கொத்தாக்கலில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

படி 4: குறைந்த ஜூம்

உலகம் முழுவதும் தெரியும்போது எல்லாப் புள்ளியும் எல்லைக்குள் வந்துவிடும், அப்போது இண்டெக்ஸால் பயனில்லை. எனவே ஜூம் 7 வரைக்குமான கொத்துகளை முன்கூட்டியே கணக்கிட்டுத் தனி அட்டவணையில் வையுங்கள். ஜூம் 7-க்கு மட்டும் மூலப் புள்ளிகளைத் தொட்டால் போதும். ஜூம் 6-இன் ஒரு கட்டம் என்பது ஜூம் 7-இன் நான்கு கட்டங்கள். கட்ட எண்களை இரண்டால் வகுத்துக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கிக் கூட்டிக்கொண்டே மேலே போகலாம். சராசரிகளைச் சேமிக்காமல் எக்ஸ் கூட்டல், ஒய் கூட்டல், எண்ணிக்கை மூன்றையும் சேமியுங்கள். சராசரிகளுக்குச் சராசரி எடுத்தால் 3 ஊர் உள்ள கட்டமும் 3,000 ஊர் உள்ள கட்டமும் வட்டத்தைச் சமமாக இழுக்கும்.

படி 5: தனிப் புள்ளிகள்

எண்ணிக்கை 1 என்றால் வட்டத்துக்குப் பதில் இடப்பெயரோடு மார்க்கர் அனுப்புங்கள். ஜூம் 17-க்கு மேல் கொத்தாக்குவதையே நிறுத்திவிடலாம். ஒரே ஆயத்தொலைவில் உள்ள இடங்கள் எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரியாது; அவற்றைத் தொட்டால் பெயர்ப் பட்டியல் திறக்கும்படி செய்துவிடுங்கள்.