ஒரே பென்டிரைவில் சர்வீஸ் கருவிகள் அத்தனையும்: வென்டாய் கொண்டு தயாரிக்கும் முறை

விண்டோஸுக்கு ஒரு பென்டிரைவ், ராம் சோதிக்க ஒன்று, குளோன் எடுக்க ஒன்று என்று கொத்தாகத் தூக்கிப்போக வேண்டியதில்லை. யுஎஸ்பி 3.0 வகையில் 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றும், பல ஐஎஸ்ஓ ஃபைல்களை (டிஸ்கின் முழுப் பிரதி ஃபைல்கள்) அதிலிருந்தே பூட் செய்ய வைக்கும் வென்டாய் மென்பொருளும் இருந்தால் போதும்.

வென்டாயை இன்ஸ்டால் செய்யும்போது பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். பிறகு 32 எம்பியில் ஒரு பூட் பகுதியும், மீதி இடத்தில் எக்ஸ்ஃபேட் பகுதியும் இருக்கும். ஐஎஸ்ஓ ஃபைல்களை எக்ஸ்ஃபேட் பகுதியில் அப்படியே காப்பி செய்யுங்கள். 4 ஜிபியைத் தாண்டிய விண்டோஸ் ஐஎஸ்ஓவும் ஏறும். புது வெர்ஷன் வந்தால் ‘அப்டேட்’ கொடுங்கள், ஃபைல்கள் பத்திரமாக இருக்கும். கைதவறி ‘இன்ஸ்டால்’ அழுத்தினால் எல்லாம் போச்சு.

காப்பி முடிந்ததும் பிடுங்காமல் எஜெக்ட் கொடுத்து எடுங்கள். அரைகுறையாக ஏறிய ஐஎஸ்ஓவும் வென்டாயின் பூட் மெனுவில் பெயர் காட்டும். பாதி பூட்டில்தான் நின்றுபோகும்.

சிஸ்டம்ரெஸ்க்யூ (மீட்பு வேலைக்கான லினக்ஸ்), குளோன்சில்லா (டிஸ்கைக் குளோன் எடுப்பது), மெம்டெஸ்ட்86+ (ராம் சோதிப்பது), விண்டோஸ் இன்ஸ்டாலர் ஆகிய நான்கும் கட்டாயம். மெம்டெஸ்ட் 6 அல்லது அதற்குப் பிந்தைய வெர்ஷனாக இருக்கட்டும். பழையது யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது) முறையில் பூட் ஆகும் மெஷினில் ஓடாது.

செக்யூர் பூட் (அங்கீகாரமில்லாத மென்பொருள் பூட் ஆகாமல் தடுப்பது) உள்ள மெஷினில் முதல் தடவை நீலத் திரையில் எச்சரிக்கை வரும். அங்கே ‘என்ரோல் கீ’ கொடுத்து, வென்டாயின் சின்னப் பகுதிக்குள் இருக்கும் சான்றிதழ் ஃபைலைத் தேர்ந்தெடுத்து ரீபூட் செய்யுங்கள். அவசரப்பட்டு பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தால், பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட மெஷின் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். கஸ்டமரிடம் அது இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் திணறினால் முதலில் ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நிலை பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு) பாருங்கள். 199ஆம் எண், அதாவது சிஆர்சி பிழை, மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான், மாற்றிப் பாருங்கள். 5, 197 (கெட்ட செக்டர்களின் கணக்கு) இரண்டும் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் பிழை திருத்தும் கட்டளை) ஓட்டவே கூடாது: உயிர் இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்கில் அது எழுதவும் செய்யும், மிச்சமிருப்பதும் போகும்.

சிஸ்டம்ரெஸ்க்யூவில் பூட் செய்து, அதிலுள்ள டிடிரெஸ்க்யூ கட்டளையால் புது டிஸ்குக்குப் பிரதி எடுங்கள். கட்டளையில் முதலில் பழைய டிஸ்க், அடுத்து புதியது, கடைசியில் மேப் ஃபைல் (எதுவரை பிரதி ஆனது என்ற குறிப்பு). இந்த வரிசை மாறினால் வெற்று டிஸ்க் கஸ்டமரின் டேட்டா மேல் ஏறிவிடும். டிஸ்கின் பெயர் பூட்டுக்குப் பூட்டு மாறலாம். ஆகவே சீரியல் நம்பரை லேபிளோடு ஒப்பிட்ட பிறகே என்டர் தட்டுங்கள். மேப் ஃபைலை இன்னொரு யுஎஸ்பியில் வையுங்கள். சிஸ்டம்ரெஸ்க்யூ ராமில் ஓடுவது. கரண்ட் போனால் அதற்குள் வைத்த மேப்பும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டி, நல்லதை மட்டும் வாரிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த சுற்றில் கெட்டவற்றை 3 முறை முயன்றால் போதும்.

நல்ல நிலையில் உள்ள டிஸ்குக்குக் குளோன்சில்லா போதும். 500 ஜிபி டிஸ்கில் 60 ஜிபிதான் டேட்டா என்றாலும் 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு நேரடியாக மாற்ற ஒத்துக்கொள்ளாது; முதலில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும்.