புழுதி ரோட்டுல ஓடுற ஜீப்புக்கு எயார் பில்டர் எடுக்கேக்க விடுற பிழைகள்

வைகாசிக்குப் பிறகு திருகோணமலைப் பக்கம் கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா தம்பலகாமம் வயல் ரோட்டு, சேருவில வெருகல் பக்கத்துக் கிறவல், குச்சவெளில உள்ளுக்குப் போற பாதை எல்லாம் ஒரே புழுதிதான், முன்னுக்கு ஒரு லொறி போனா பின்னால வாறவருக்கு ரோட்டே தெரியாது. இந்த நேரத்துலதான் கனபேர் "கழுவிப் போடுற பில்டர் ஒண்டு வாங்கினா வாழ்நாளுக்கும் காசு மிச்சம்" எண்டு பேப்பர் பில்டர கழட்டிட்டு எண்ணெய் பூசுற கொட்டன் பில்டர் போடுறாங்க. நான் நேரா சொல்லுறன், டர்போ டீசல் ஜீப்போ பிக்கப்போ வச்சு இந்தப் புழுதிக்குள்ள ஓடுற ஆக்களுக்கு நல்ல பேப்பர் பில்டர்தான் சரி.

முதல் பிழை, காத்து எவ்வளவு போகுது எண்டு மட்டும் பாக்கிறது. கொம்பனி போடுற பேப்பர் பில்டரே எஞ்சின் முழு வேகத்துல கேக்கிற காத்தைவிட கூடக் குடுக்கிற அளவுக்குத்தான் செஞ்சிருக்கும், அதனால சாதாரண ஓட்டத்துல கொட்டன் பில்டர் மாத்தினா இழுவை கூடும் எண்டு எதிர்பாக்க வேணாம். பாக்க வேண்டியது எவ்வளவு புழுதியப் பிடிக்குது எண்டதத்தான். தலைமுடி ஒண்டு கிட்டத்தட்ட 70 மைக்ரோன் தடிப்பு, எஞ்சின ஆகக் கூடுதலாத் தேய்க்கிற துகள் 5 இல இருந்து 20 மைக்ரோன் அளவுதான், தனித் துகளா கண்ணுக்கே தெரியாது. அதுல குவார்ட்ஸ் மணல் இருக்கு, இரும்பையே தேய்ச்சு எடுக்கிற கடினம், பிஸ்டன் ரிங்குக்கும் அது உரசி ஓடுற லைனருக்கும் நடுவுல போய் நிண்டா கொஞ்சம் கொஞ்சமா அரைச்சு பிறகு ஓயில் குடிக்கத் தொடங்கும், புகை வரும். ஒரு பில்டர் 99 வீதம் பிடிக்குது, மற்றது 97 வீதம் பிடிக்குது எண்டா கேக்க சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும், ஆனா ஒண்டு 1 பங்க உள்ளுக்கு விடுது மற்றது 3 பங்க விடுது, அதாவது எஞ்சினுக்குப் போற புழுதி மூண்டு மடங்கு. வாங்கேக்க, பில்டர் எவ்வளவு புழுதியப் பிடிக்குது எண்டு அளக்கிற ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவு இருக்கா எண்டு கேளுங்க.

பேப்பர் பில்டர் வச்சிருக்கிற ஆக்கள் விடுற பெரிய பிழை, கிழமைக்கு ஒருக்கா கழட்டி டயர் கடைக் கொம்பிரசரால எயார் அடிக்கிறது. பேப்பர்ல மெல்லிசா புழுதி படியப் படியத்தான் அது இன்னும் நல்லாப் பிடிக்கும், புத்தம் புதுசா இருக்கேக்கதான் கூடப் புழுதிய உள்ளுக்கு விடும். அழுத்தம் கூடின காத்த கிட்ட வச்சு அடிச்சா மடிப்புக்குள்ள ஊசி முனை அளவு ஓட்டை விழும், வெளில பாத்தா ஒண்டும் விளங்காது. இருட்டுல பில்டருக்கு உள்ளுக்கு டோர்ச் பிடிச்சு சுத்திப் பாருங்க, எங்கயாவது புள்ளியா வெளிச்சம் வந்தா அத எறிஞ்சிடுங்க. அதோட பெட்டிய ஒவ்வொருக்காத் திறக்கேக்கயும் கொஞ்சப் புழுதி சுத்தமான பக்கம் விழும். அடைச்சா சிவப்புக் காட்டுற சின்ன மீட்டர் உங்கட வாகனத்துல இருந்தா அது சொல்லேக்க மட்டும் திறந்தாப் போதும். அழுக்கு பில்டரால பெற்றோல் கூட எரியும் எண்ட பயத்துலயும் சிலபேர் அடிக்கடி துப்பரவாக்கிறாங்க, ஆனா 2009 இல அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் சோதிச்சுப் பாத்ததுல இப்பத்தைய இன்ஜெக்சன் எஞ்சின்ல மைலேஜ் குறையேல்ல, வண்டி வேகம் பிடிக்கிறதுதான் குறைஞ்சது.

இனி கொட்டன் பில்டர்தான் வேணும் எண்டா அதுக்குரிய வேலைய முழுசா செய்யோணும். அதுக்கெண்டு வாற கிளீனரால கழுவி, நிழல்ல தானா காய விட்டு, அதுக்குரிய எண்ணெய அளவாப் பூசோணும். எண்ணெய் குறைஞ்சா புழுதி நேரா உள்ளுக்கு, கூடிட்டா காத்தோட போய் எஞ்சினுக்குப் போற காத்த அளக்கிற எயார் புளோ சென்சர்ல படிஞ்சு சென்சர் பிழையாக் காட்டும், வண்டி இழுக்காது. அவசரத்துக்கு எஞ்சின் ஓயில் பூசுறதும் கொம்பிரசரால காய வைக்கிறதும் கூடவே கூடாது. மாரியில கடற்கரைப் பக்கம் துணியே காயாது, பில்டர் எப்பிடிக் காயும், ஈரத்தோட போடுற நிலைமை வந்திடும், அதால ரெண்டு பில்டர் வச்சு மாத்தி மாத்திப் போடுங்க. அப்பிடிப் பாத்தா கிளீனர், எண்ணெய், இன்னொரு பில்டர் எண்டு காசு மிச்சமும் பெருசா இல்ல. மோட்டர் பைக்ல மண்ணுக்குள்ள ஓடுற பொடியன்மாருக்கு ஸ்பொஞ்ச் பில்டர் நல்லது, ஓடி வந்த உடன கழுவோணும், பெற்றோல்ல கழுவவே கூடாது, ஒட்டின இடம் விட்டிடும், நெருப்பு ஆபத்தும் இருக்கு.

எந்தப் பில்டர் போட்டாலும் ஓரம் சரியா இறுகேல்ல எண்டா எல்லாம் வீண். பில்டரக் கழட்டேக்க அதுக்கு அங்கால எஞ்சினுக்குப் போற குழாய்க்குள்ள வெள்ளைத் துணிய விரல்ல சுத்தித் துடைச்சுப் பாருங்க, செம்மண் நிறம் வந்தா எங்கயோ ஒழுக்கு. கிளிப் உடைஞ்சு கம்பியால கட்டின பெட்டி, வெடிச்ச குழாய், பெட்டிக்கு அடியில தண்ணியும் புழுதியும் கொட்டுறதுக்கு இருக்கிற ரப்பர் வாய் கழண்டு விழுந்தது, இந்த மூண்டும் கராச்சுல கனபேர் கவனிக்காத இடங்கள்.

ஸ்னோர்க்கல், அதாவது எஞ்சினுக்குக் காத்து எடுக்க மேல உயர்த்திப் போடுற குழாய், போட்டா பில்டரப் பத்திக் கவலையில்ல எண்டு நினைக்கிறதும் பிழை. அது கொஞ்சம் உயரத்துல இருந்து புழுதி குறைஞ்ச காத்த எடுக்கும், வடிகட்டாது. மழை வெள்ளத்துல இறங்கி பேப்பர் நனைஞ்சிட்டா வெயில்ல காய வச்சுத் திரும்பப் போடாம புதுசே போடுங்க.

கடைக்குப் போகேக்க பழைய பில்டரயும் கொண்டு போங்க, புதுசோட பக்கத்துல வச்சு உயரத்தப் பாருங்க, ரப்பர் ஓரத்த விரலால அமத்திப் பாருங்க, உயரம் கொஞ்சம் குறைஞ்சிருந்தாலோ ரப்பர் கல்லு மாதிரி இருந்தாலோ விலை எவ்வளவு மலிவெண்டாலும் வேணாம் எண்டு வச்சிட்டு வாங்க.