இறகுக் கிரீடத்தைத் தொடும் முன்

அமேசான் பழங்குடியினரின் இறகுக் கிரீடம் ஒன்று முதன்முதலாக என் சீரமைப்பு மேசைக்கு வந்த நாளில், ஆசையோடு தூரிகையைத்தான் எடுத்தேன். முதலில் எடுத்திருக்க வேண்டியது நைட்ரைல் கையுறையும் முகக்கவசமும். பூச்சி அரிக்கக் கூடாது என்று அந்தக் காலத்து அருங்காட்சியகங்கள் இறகுகளில் ஆர்செனிக், பாதரச உப்பு எல்லாம் பூசிவைத்தன. பின்னாளில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியும் சேர்ந்துகொண்டது. பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போவது சகஜம். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி ஆர்செனிக்கையும் பாதரசத்தையும் காட்டிவிடும். டிடிடிக்குத் தனிச் சோதனை வேண்டும். நம் நுரையீரலுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் கிரீடம் என்றாவது அதன் மக்களிடம் திரும்பிப் போகலாம், யாரோ ஒருவர் அதைத் தலையில் சூடலாம்.

அடுத்து, உயிருள்ள பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அந்துப்பூச்சியும் கம்பளவண்டும் இறகிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்பவை. மணல்போல உதிர்ந்த எச்சமோ வண்டின் உரித்த தோலோ தென்பட்டால், பொருளைப் பாலித்தீன் உறையில் இட்டு மூடி உறைய வையுங்கள்: மைனஸ் 30 டிகிரியில் 3 நாள், மைனஸ் 20 என்றால் 2 வாரம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடாதீர்கள். அறை வெப்பநிலைக்கு வர ஒரு முழுநாள் ஆகும். அதற்குள் திறந்தால் ஈரம் இறகின்மேல் படிந்துவிடும்.

இனி தூசி. இறகின் நடுத்தண்டிலிருந்து இழைகள் பிரிகின்றன. இழைகளிலிருந்து நுண்ணிழைகள் கிளைத்து, சின்னஞ்சிறு கொக்கிகளால் ஜிப்பைப் போல ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பறவை அலகால் கோதும் திசையில்தான் நம் தூரிகையும் போக வேண்டும், அதாவது தண்டை ஒட்டித் தொடங்கி நுனியை நோக்கி. எதிர்த்திசையில் இழுத்தால் கொக்கி அறுந்துபோகும். மறு கையில், உறிஞ்சும் விசையை நன்றாகக் குறைத்த ஹெப்பா வடிகட்டி (மிக நுண்ணிய தூசியையும் பிடித்துவைக்கும் வடிகட்டி) உள்ள வேக்வம். குழாயின் வாயில் மெல்லிய வலை கட்டியிருக்க வேண்டும், உதிரும் இழை உள்ளே போய்விடாமல்.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இறகை எத்தனாலும் நீரும் கலந்து துடைப்பதுண்டு. இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். இறகைக் கட்டிய பருத்தி முடிச்சின்மேல் மரப்பிசின் பூசியிருந்ததைக் கவனிக்காமல் பஞ்சால் ஒற்றினேன். பிசின் இளகி, பக்கத்திலிருந்த மூன்று இழைகளைப் பிடித்துக்கொண்டது. அந்த முடிச்சு ஒருவர் கையால் போட்டது. அவர் விரல் அழுத்திய தடம் பிசினில் இருந்தது, அதை நான் அழித்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஒற்றும் முன் கண்ணில் படாத ஓரிடத்தில் சோதியுங்கள். செம்மண்ணோ சடங்குப் பூச்சோ அழுக்குபோலத் தோன்றலாம். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

வளைந்த இறகை நிமிர்த்த மெல்லிய நீராவிப் புகையே போதும். அல்ட்ராசோனிக் ஈரப்பதக் கருவியின் குளிர்ந்த புகை இன்னும் நல்லது. சற்று இளகியதும் விரலால் நேராக்கி, காயும் வரை தாங்கிப் பிடியுங்கள். தண்டு முறிந்திருந்தால் ஜப்பானியத் தாளை முறுக்கியோ மூங்கில் சீவலை வைத்தோ பின்பக்கம் அணை கொடுத்து, கோதுமை மாவுப் பசையால் ஒட்டுங்கள். பின்னால் வருகிறவர் ஈரத்தைக் கொண்டே அதைக் கழற்றிவிடலாம்.

காணாமல்போன இறகுக்குப் புது இறகு வைக்க மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன். வியன்னாவில் இருக்கும் மெக்சிகோ இறகுக் கிரீடத்துக்கு 1878இல் நடந்த சீரமைப்பில் புதிய துண்டுகள் சேர்க்கப்பட்டன. மூலம் எது, சேர்க்கை எது என்று பிரித்தறிவதே பிறகு வந்தவர்களுக்குத் தனி வேலையாகிவிட்டது. தவிர, செம்மக்கா கிளி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. நினைத்தவுடன் அதன் இறகை வாங்கிவிட முடியாது. இடைவெளி இடைவெளியாகவே இருக்கட்டும்.

ஒளியைப் பற்றிச் சுருக்கமாக: 50 லக்ஸுக்கு (ஒளி அளவின் அலகு) மேல் வேண்டாம், புற ஊதாக்கதிர் அறவே வேண்டாம். செவ்வரிவாள்மூக்கன் பறவையாகட்டும் கிளியாகட்டும், அவற்றின் சிவப்பும் மஞ்சளும் நிறமியால் வருபவை, வெளுத்தால் வெளுத்ததுதான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் பொருளுக்கு உரிய மக்களைக் கேளுங்கள். செவ்வரிவாள்மூக்கனின் இறகால் ஆன, பிரேசிலின் துப்பினம்பா பழங்குடியினரின் மேலங்கி ஒன்று 1689 முதலே கோபன்ஹேகனில் இருந்தது. 2024இல் பிரேசிலுக்குத் திரும்பியது. துப்பினம்பா மக்களுக்கு அது முன்னோர். முன்னோரை எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவைப்பது, யார் தொடலாம் என்பதைப் பெட்டி செய்யும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் மேசையில் கிடக்கும் ஒவ்வொரு இழையையும் பொறுக்கி, அமிலமில்லாத சிறு உறையில் இட்டு, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று எழுதி, அந்தக் கிரீடத்தோடே பெட்டியில் வைக்கிறேன்.